எழுதியவர் பாதி, ஆடியவர் பாதி

புலவர் எழுதி முடித்துவிட்டால் மட்டும் நூல் நூலாகிவிடாது, சபை ஏற வேண்டும் என்பது நம் மரபு. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றப் பட்ட பாட்டைச் செவிவழிக் கதைகள் விதவிதமாகச் சொல்கின்றன. சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஆடலுக்கென்றே 'அரங்கேற்று காதை' இருக்கிறது. படைப்பதைப் போலவே படைப்பை ஏற்பதும் ஒரு செயல்தான் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஏற்கிறவர்களே மறுபாதியை உண்டாக்கியாக வேண்டிய ஒரு கலை இருந்தால் அதை எப்படி எடை போடுவது?

வாரக் கடைசியில் பென்சிலும் பகடையும் ஒரு தடித்த புத்தகமுமாகக் கிளம்பி, "டி அண்ட் டி ஆடப் போறோம், ராத்திரி லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் உண்டு. அவர்கள் ஆடும் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தில்தான் மேற்படி கேள்வி எழுகிறது. சங்க மலரில் இதெல்லாமா என்று அன்பர்கள் நினைக்கலாம். அரை நூற்றாண்டாக, பெரும்பாலும் ஆடுகிறவர்களே எழுதிக் குவித்த ஒரு பெரும் எழுத்துப் பரப்பு இது. இதற்கென்று ரசிகர்களும் விமர்சகர்களும் இருக்கிறார்கள். அந்த விமர்சனம் பெரும்பாலும் தப்பான இடத்தில் நின்றுகொண்டு பார்க்கிறது என்பது என் கட்சி.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று சின்னப் புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டியாக இந்த ஆட்டம் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். வெளியிட்ட கம்பெனி டிஎஸ்ஆர்.

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் 'மாஸ்டர்'. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, திருடன், பூசாரி. மாஸ்டர் சூழலைச் சொல்வார்: "முன்னால ஒரு கல் கதவு. உள்ளேயிருந்து தண்ணி சொட்டுற சத்தம்." ஆடுகிறவர் தாம் செய்வதைச் சொல்வார்: "கதவுல காதை வெச்சுக் கேக்கறேன்." முடிவு சந்தேகமானால் இருபது முகப் பகடை உருளும். பலகை கிடையாது, காய் நகர்த்தல் கட்டாயமில்லை. ஜெயிப்பு தோல்வி என்பதும் சதுரங்கத்தில் உள்ளதுபோல் கறாராக இல்லை. பேச்சுதான் ஆட்டம்.

அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக மாஸ்டர் கையில் ஒரு வரைபடமும் குறிப்புகளும் இருக்கும். எந்த அறையில் என்ன இருக்கிறது, யார் காவல், எது பொறி என்ற விவரங்கள். இதற்குச் 'சாகசம்' என்று பெயர். ஆரம்பத்தில் கம்பெனி இதை விற்பதில் அக்கறை காட்டவில்லை. தன் பாதாளத்தை ஒவ்வொரு மாஸ்டரும் தானே வரைந்துகொள்வார் என்றே எதிர்பார்த்தது. தனிப் புத்தகமாக முதலில் வந்த சாகசங்களில் ஒன்றான 'பேலஸ் ஆஃப் த வேம்பயர் குயின்' 1976இல் வெளியானபோது, அதைப் போட்டவர்கள் ஆட்டத்தில் மோகம் கொண்ட ஒரு சிறு குழுவினர்தாம். 1986இல் தொடங்கி 2013 வரை வந்த 'டஞ்ஜன்' என்ற இதழ் வாசகர்கள் எழுதியனுப்பிய சாகசங்களாலேயே பக்கங்களை நிரப்பியது. ஆடுகிறவர் எழுதுவதுதான் இந்தக் கலைக்கு வேர் என்று சொன்னால் மிகையாகாது.

படிக்கக் கூடாத வாசகர்

ஒரு வினோதம் கவனிக்கத்தக்கது. கதையையோ நாவலையோ யாருக்காக எழுதுகிறார்களோ அவர்களே படிக்கிறார்கள். சாகசம் யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்கள் அதைப் படிக்கவே கூடாது. படித்துவிட்டால் ஆட்டம் கெட்டுப்போகும். படிப்பவர் மாஸ்டர் ஒருவரே. அவரும் அதை ஒப்பிப்பதில்லை. எதிரே இருப்பவர் எதைத் தொடுகிறார், எதைச் சட்டை செய்யாமல் போகிறார் என்று பார்த்துப் பார்த்து, விட்டும் கூட்டியும் சொல்கிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் சபையின் முகத்தைப் பார்த்து இழுப்பான், சுருக்குவான். கிட்டத்தட்ட அந்த வேலை.

ஸ்வரக் குறிப்பை மட்டும் படித்துவிட்டுக் கச்சேரி அபாரம் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் சாகசங்களுக்கு மதிப்புரை எழுதுகிற பலர் செய்வது அதுவே. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஆடிவிடுவதில்லை. படித்து அலமாரியில் வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அவர்கள் எதைப் புகழ்வார்கள்? நடை அழகு, படங்கள், மூவாயிரம் வருஷத்து ராஜவம்ச வரலாறு. அந்த வரலாற்றில் ஒரு வரிகூட மேசைக்கு வந்து சேர வழி இருக்காது. செத்துப்போன ராஜா யாருக்காக அழுதான் என்பதை மாஸ்டர் மட்டும் அறிந்து உருகிக்கொண்டிருப்பார்.

இன்னொரு நோயும் உண்டு. "நீங்கள் மண்டபத்தில் நுழைந்ததும் இனம்புரியாத அச்சம் உங்களைக் கவ்வுகிறது" என்று எழுதி, இதை உரக்கப் படிக்கவும் என்று குறிப்புப் போடுவார்கள். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மேசையில் என்ன நடக்கும்? வாள்வீரனாக ஆடும் பெண் நிமிர்ந்து பார்ப்பாள்: "நான் எங்க பயந்தேன்? எனக்கு ஒண்ணும் பயமில்ல." அவள் சொல்வதுதான் நியாயம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று அது எழும் இடங்களையும் சொன்னார். எழுதுபவர் அந்த நிலைக்களனைத்தான் தர முடியும். பயப்படுவதா வேண்டாமா என்பது ஆடுகிறவரின் பாத்தியதை.

மூன்று பாதாளங்கள்

பேர்போன மூன்று சாகசங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. கேரி கைகாக்ஸே எழுதியது, ஆகவே ஒப்பீட்டுக்காக மட்டும். 1975இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் என்ற ஆட்ட விழாவில் போட்டிக்காக வைக்கப்பட்டு, 1978இல் புத்தகமானது. தங்கள் பாத்திரங்களை யாராலும் கொல்ல முடியாது என்று மார்தட்டிய தேர்ந்த ஆட்டக்காரர்களை மடக்குவதற்கென்றே எழுதப்பட்ட கல்லறை இது. சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பேய் முகம், வாய் அகலத் திறந்திருக்கும், உள்ளே இருட்டு. நுழைந்தவர் இல்லாமல் போவார். பகடை உருட்டித் தப்பிக்க இடமில்லை.

இதை ஆடியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "இதுதாண்டா ஆட்டம்" என்று ஒரு கட்சி, "இது அநியாயம்" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே சரி என்பது என் கருத்து. போட்டிக்கு இது பொருத்தம். எத்தனை பேர் எவ்வளவு தூரம் போனார்கள் என்று அளக்கலாம். வருஷக்கணக்காக ஒரே பாத்திரத்தை வளர்த்து ஆடும் வீட்டு மேசைக்கு இது கொடுமை. இதன் பல அறைகள் ஆடுகிறவரிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எழுதியவர் என்ன நினைத்தார் என்று உன்னால் ஊகிக்க முடிகிறதா? கைகாக்ஸின் நண்பர் ராப் குன்ட்ஸ் இதை ஆடியபோது, தன்னிடம் வேலைக்கிருந்த ஓர்க் அடியாட்களை முன்னால் அனுப்பிப் பொறிகளை வெளிக்கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். மனசாட்சியில்லாத உத்திதான். ஆனாலும் அந்தக் கல்லறையைப் பற்றி இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று ஆடியவர் உண்டாக்கியது.

இரண்டாவது 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா'. எழுதியவர் ஜெனல் ஜாக்வேஸ். 1976இல் கல்லூரி மாணவராக இருக்கும்போதே நண்பர்களோடு 'தி டஞ்ஜனியர்' என்ற சிற்றிதழ் தொடங்கி, அதில் சாகசங்களை வெளியிட்டவர். 2024 ஜனவரியில் மறைந்தார். இலினாய் மாநிலத்தின் ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் இந்தச் சாகசத்தை 1979இல் வெளியிட்டது. இடிபாடுகளுக்கு அடியில் அடுக்கடுக்காகக் குகைகள். கீழே இறங்க ஒரே வழி என்று கிடையாது. ஒரு படிக்கட்டு ஒரு தளத்தைத் தாண்டி அடுத்ததில் போய் விடும். ஒரு பாதை சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வரும். மறைந்த வழிகள் வேறு. அங்கே குடியிருப்பவர்களும் ஒரே கட்சியல்ல. மரண தேவதையை வழிபடும் மனிதர்கள் ஒரு பக்கம், மிருகத்தலை மாந்தர் இன்னொரு பக்கம், இவர்களுக்கெல்லாம் முந்திய ஒரு நாகரிகத்தின் மிச்சங்கள் அடியில்.

படித்துப் பார்த்தால் வறண்ட அறைக் குறிப்புகள். நடை அழகு தேடுபவர் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவார். ஆடும்போதுதான் இதன் அருமை தெரியும். எதிரியை நேரே மோதலாம், சுற்றிப் போய்ப் பின்னால் வரலாம், ஒரு கூட்டத்தை இன்னொன்றின் மேல் ஏவலாம். எழுதியவர் எந்த முடிவையும் சிபாரிசு செய்யவில்லை. ஐந்து குழு ஆடினால் ஐந்து கதை கிடைக்கும். பாதைகளைப் பின்னிவிடும் இந்த முறைக்கு அமெரிக்க விமர்சகர் ஒருவர் 2010இல் ஜாக்வேஸின் பெயரையே வினைச்சொல்லாக்கினார். ஆடிப் பார்த்த விமர்சனத்துக்கு அது நல்ல உதாரணம்; அவர் வாக்கியங்களை விட்டுவிட்டு வரைபடத்தைப் படித்தார்.

மூன்றாவது 'ரேவன்லாஃப்ட்'. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற தம்பதி எழுதி 1983இல் டிஎஸ்ஆர் வெளியிட்டது. அதற்கு முன்பே இருவரும் தங்கள் வீட்டு ஆட்டத்துக்காக எழுதியவற்றைத் தாங்களே அச்சிட்டு விற்றவர்கள். அவற்றில் ஒன்றின் பெயர் 'ரஹாசியா'. டிரேசி இளமையில் மதப் பணிக்காக ஜாவாவில் இருந்தவர். அந்தச் சொல்லுக்கு இந்தோனேசிய மொழியில் நம் 'ரகசியம்' என்றே பொருள். கொள்ளையடிப்பதும் கொல்வதும் தவிர வேறு உயர்ந்த நோக்கம் சாகசத்துக்கு வேண்டும், கட்டடம் கட்டடமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இத்தம்பதி தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். ஒரு பாதாள அறையில் காரணமே இல்லாமல் ஓர் இரத்தக்காட்டேரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இவன் ஏன் இங்கே இருக்கிறான்?" என்று டிரேசி கேட்டதில் பிறந்ததாம் ரேவன்லாஃப்ட்.

கோட்டைத் தலைவன் ஸ்ட்ராட் என்ற காட்டேரி. ஊர் பரோவியா. அங்கே ஒரு குறிகாரி சீட்டு எடுத்துக் குறி சொல்கிறாள். வெறும் அலங்காரக் காட்சி இல்லை இது. ஸ்ட்ராட் எங்கே எதிர்ப்படுவான், அவனை வீழ்த்தும் வாள் எந்த அறையில் கிடக்கும், அவன் நோக்கம்தான் என்ன என்பதை அந்தச் சீட்டுகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக முடிவு செய்யும். ஆகவே இரண்டாம் முறை ஆடினாலும் கோட்டை பழகிப்போவதில்லை. எழுத்தாளர் தம் கதையின் இதயத்தையே சீட்டுக் குலுக்கலுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஹாலோவீன் இரவில் நண்பர்களை வைத்து ஆடிப் பார்த்தவர்களுக்கு அல்லாமல் இந்தத் துணிச்சல் வராது என்றே தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. குறிகாரியின் இனத்தாரை, ஐரோப்பிய நாடோடி மக்களைப் பற்றிய பழைய கெட்ட கற்பனைகளைக் கொண்டே அது வரைந்தது. இதன் மறுவடிவம் 2016இல் வந்தபோது ஆட்டக்காரர்கள் இதைச் சுட்டிக் கண்டித்தார்கள். 2020இல் பதிப்பகம் சில பகுதிகளைத் திருத்தி வெளியிட்டது. ஏற்பவர் குரல் மூலநூலையே மாற்றியதற்கு இது அத்தாட்சி.

அதே கை, போட்ட தண்டவாளம்

இங்கேதான் ஒரு திருப்பம். ரேவன்லாஃப்ட் வந்த மறு வருஷம், 1984இல், அதே டிரேசி ஹிக்மன் முன்னின்று வடிவமைத்த 'டிராகன்லான்ஸ்' என்ற தொடர் சாகசம் வெளிவரத் தொடங்கியது. கூடவே அவரும் மார்கரெட் வைஸும் எழுதிய நாவல்களும் வந்தன. நாவல்கள் அமோகமாக ஓடின. சாகசத்தில் ஆடுகிறவர்களுக்கு நாவலின் பாத்திரங்களையே ஆயத்தமாகக் கொடுத்தார்கள். கதைக்கு வேண்டிய ஒருவர் நடுவில் செத்துப்போனால்? உடல் கிடைக்காதபடி சாகட்டும், பிற்பாடு எப்படியோ பிழைத்து வரட்டும் என்று மாஸ்டருக்கு யோசனை சொல்லப்பட்டது. எது நடந்தாலும் கதை நாவலின் ஊருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஆட்டக்காரர்கள் இதற்குச் சூட்டிய பெயர் தண்டவாளம் போடுதல்.

ஒரே கை, ஓராண்டு இடைவெளி. முதலில் சீட்டைக் குலுக்கிய கை பிறகு ரயில் விட்டது ஏன்? நாவல் வந்ததும் எழுத்துக்கு வேறொரு வாசகர் கிடைத்துவிட்டார் என்பது என் விடை. நாவல் வாசகருக்குக் கதை கெடக் கூடாது, ஆடுகிறவருக்குக் கதையைக் கெடுக்கும் உரிமை வேண்டும். இருவரையும் ஒரே புத்தகம் திருப்தி செய்வது கடினம். டிராகன்லான்ஸை உயிராக நேசித்தவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் நேசித்தது நாவலை, எத்தனை பேர் ஆட்டத்தை என்பது கேட்கத்தக்க கேள்வி.

தானம் கொடுத்த மாடு

கணினிக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் 2002இல் 'நெவர்வின்டர் நைட்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டபோது, சாகசம் செய்யும் கருவியையும் சேர்த்தே கொடுத்தது. வேலை முடிந்து வந்து ராத்திரி கண்விழித்து, சல்லிக் காசு வாங்காமல், ஆயிரக்கணக்கான சாகசங்களை ஆட்டக்காரர்கள் செய்தார்கள். கைம்மாறாகக் கிடைத்தது பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் ஊர்ப் பழமொழி. இலவசமாகக் கிடைத்ததற்குக் குறைந்த மதிப்பெண் போட யாருக்கு மனசு வரும்? "சூப்பர், அருமை, தொடருங்கள்" என்று ஒரு வரி, இல்லாவிட்டால் மௌனம். எழுதியவருக்கு இரண்டினாலும் லாபமில்லை. ஆறு மாதம் உழைத்தவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. எத்தனை பேர் ஆடினீர்கள்? எந்த இடத்தில் விழி பிதுங்கி நின்றீர்கள்? நான் நினைக்காத எதைச் செய்தீர்கள்? "எங்க ஆளுங்க வாசல் வழியா போகவே இல்ல, கூரையைப் பிரிச்சு இறங்கிட்டாங்க, அதுக்கு உங்க புத்தகத்துல ஒரு வரியும் இல்ல, நான் திண்டாடிப் போனேன்" என்று ஒரு மாஸ்டர் எழுதினால் அந்த ஒரு வாக்கியம் பத்துப் பாராட்டுக்குச் சமம்.

மேசைக்கு மேசை ஆட்டம் மாறுமே, ஆடியவர் சொல்வது அந்த மேசையைப் பற்றிய செய்திதானே, நூலைப் பற்றியது எப்படி ஆகும் என்று ஒரு தடை எழுப்பலாம். நியாயமான தடை. மோசமான மாஸ்டர் நல்ல சாகசத்தையும் கெடுப்பார், கெட்டிக்காரர் குப்பையையும் ஜொலிக்கவைப்பார். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து மேசைகள் ஒரே அறையில் முட்டிக்கொண்டு நின்றால் கோளாறு அறையில்தான். ஐந்து மேசைகளும் ஐந்து விதமாகச் சிரித்துக்கொண்டு எழுந்தால் பெருமையும் எழுதியவருக்கே. அதற்கு ஆடியவர்கள் வாய் திறக்க வேண்டும்.

எழுதும் உரிமை

இந்த ஏற்பவர் கூட்டத்துக்கு எவ்வளவு பலம் என்பது 2023 ஜனவரியில் தெரிந்தது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளைக் கொண்டு யாரும் சாகசம் எழுதி விற்கலாம் என்று 2000இல் ஒரு பொது உரிமம் தரப்பட்டிருந்தது. இப்போது ஆட்டத்துக்குச் சொந்தக்காரரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதை ரத்து செய்து, பெரிய அளவில் விற்பவர்களிடம் பங்கு கேட்கும் புதிய உரிமத்தைக் கொண்டுவர முயன்றது. வரைவு கசிந்தது. ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்து சந்தாக்களை ரத்து செய்தார்கள். நிறுவனமே கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். புதிய உரிமத்தின் கீழ் எதையும் வெளியிட விரும்பவில்லை என்றவர்கள் 88 சதவீதம். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை என்றதோடு, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் திறந்துவிட்டது.

கோபப்பட்டவர்களில் எல்லாரும் சாகசம் எழுதி விற்பவர்களா? இல்லை. பெரும்பாலோர் ஆடுகிறவர்கள்தாம். தங்களை வெறும் வாடிக்கையாளராக நினைத்திருந்தால் இவ்வளவு சூடு வந்திருக்காது. பாதி எழுத்து தங்களுடையது என்ற எண்ணம் அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. உரிமையைக் காக்க இப்படித் திரண்டவர்கள், ஒரு முகம்தெரியாத நண்பர் எழுதியளித்த சாகசத்தை ஆடி முடித்த பின் நாலு வரி நேர்மையாக எழுதவும் கடமைப்பட்டவர்கள். அந்த வேலையை மதிப்பெண்ணிடம் விட்டுவிடக் கூடாது.

பிள்ளைகள் தாங்களே எழுதிய சாகசத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டுவதும் உண்டு. புரட்டிப் பார்த்துவிட்டுக் "கதை நல்லாயிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தால் அது மதிப்புரை ஆகாது. யாரோடு ஆடினாய், அவங்க என்ன பண்ணாங்க என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் இருப்பதுதான் படைப்பின் மறுபாதி.